ஒற்றைப்படை அண்ணன், இரட்டைப்படை தம்பி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சித்தப்பா வீட்டு வரவேற்பறையில் நாம் விட்டுவிட்டு வந்த மோட்டார், இந்த வாரம் மினி லாரியில் ஏறிக் காட்டுப்பாதையில் குலுங்கிக்கொண்டு வருகிறது. ஓட்டுவது லிஃப்ட்காரி. பக்கத்தில் சித்தப்பா. மோட்டாரின் மேல் பத்து வருடமாக விரித்து, அதற்கும் மேலே டிவியை வைத்திருந்த பூப்போட்ட துணியை நாலாக மடித்து மடியில் வைத்திருக்கிறார். டிவி இப்போது அவர் வீட்டில் தரையில் இருக்கிறது. சித்தி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

லிஃப்ட்காரி அப்பாவுக்கு ஒரே பெண். வயது முப்பத்தொன்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எட்டு வருட வேலை, அதனால் வந்த பெயர். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டுவிட்டாள். வாசகர்களாகிய உங்களிடம் சொன்னாள். வீட்டில் சொல்லவில்லை.

வேலையை விட்டது பூங்காவுக்காக. காட்டுக்கு நடுவே அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கட்டிய பொழுதுபோக்குப் பூங்கா. ஒரு ராட்டினம், ஒரு குட்டி ரயில், மரக்குதிரைகள், மோதும் கார்கள். அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்தபோது, வக்கீலும் வேண்டாம், வெளியாள் பஞ்சாயத்தும் வேண்டாம் என்று ஒரே சாயங்காலத்தில் பிரித்துக்கொண்டார்கள். சரக்குப் பதிவேட்டை எடுத்தார்கள். ஒற்றைப்படை எண்ணெல்லாம் அண்ணனுக்கு, இரட்டைப்படையெல்லாம் தம்பிக்கு.

ஒன்று, ராட்டினம். இரண்டு, ராட்டினத்தின் மோட்டார். மூன்று, ரயில். நான்கு, தண்டவாளம். ஐந்து, மரக்குதிரைகள். ஆறு, குதிரைகள் சுற்றுகிற மேடை. இப்படியே நூற்றுப்பதினெட்டு வரை.

அதைவிட நியாயமான பாகப்பிரிவினையை யாரும் பார்த்திருக்க முடியாது. மறுநாளிலிருந்து பூங்காவில் எதுவும் ஓடவில்லை.

நிலம் மட்டும் பதிவேட்டில் இல்லை. அது வனத்துறையிடம் அப்பா பெயரில் வாங்கிய குத்தகை. பத்து வருடம் தொடர்ந்து பூங்கா பொதுமக்களுக்காக இயங்காவிட்டால் நிலம் காட்டோடு சேர்ந்துவிடும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பத்து வருடம் இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு ராட்டினம், ஒரே ஒரு சுற்று, ஒரே ஒரு வெளியாளோடு சுற்றினால் போதும்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

*

பின்பக்கப் பாதை வழியாக வண்டி உள்ளே வந்தபோது அப்பா ராட்டினத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தம்பியைப் பார்க்கவில்லை. மோட்டாரைப் பார்த்தார்.

"இளைச்சுப் போயிருக்கு" என்றார்.

"மோட்டார் எப்படிப்பா இளைக்கும்?"

"வெச்சிருந்த இடம் அப்படி."

சித்தப்பா லாரியிலிருந்து இறங்கி, மரங்களிடம் பேசுவதுபோலப் பேசினார். "உங்க அப்பாகிட்ட சொல்லு. வாரம் ஒரு தடவை துடைச்சேன். அவர் ராட்டினத்து மேல கொடி ஏறி, கொடி மேல குருவி கூடு கட்டி, குருவிக்குப் பேரன் பேத்தி எல்லாம் பிறந்தாச்சு."

அது உண்மைதான். பத்து வருடத்தில் காடு தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு மரம், இரண்டு ஆள் உயரம். மோதும் கார்களின் இருக்கைகளில் காளான். மூன்று வாரமாக லிஃப்ட்காரி ராட்டினத்தை மட்டும் காட்டிடமிருந்து பிய்த்தெடுத்து, பன்னிரண்டு பெட்டிகளுக்கும் கிரீஸ் போட்டு வைத்திருந்தாள். அவள் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்ததாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

மோட்டாரை மேடையில் ஏற்றி, அவள் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தாள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, போல்ட்டை அப்படி இறுக்கினா வாஷர் வளைஞ்சுடும்."

அப்பா மூன்றடி தூரத்தில்தான் இருந்தார். "அவன்கிட்ட சொல்லும்மா, போல்ட் என்னோடது. இருபத்தஞ்சாம் நம்பர்."

"வாஷர் இருபத்தாறு. அதையும் சொல்லு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "வெளிச்சம் எந்த நம்பர்னு அப்புறம் பாத்துக்கலாம்."

பத்தரை மணிக்கு வேலை முடிந்தது. வாடகை ஜெனரேட்டரைப் போட்டாள். பெட்டிகளில் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் தொண்டையைச் செருமியது. ஒரு முறை இருமியது. பிறகு பன்னிரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்கு மேலே எழுந்தன.

மணல் மூட்டைகள் மூன்று சுற்று சுற்றின. பிரேக் பிடித்துப் பார்த்தாள். பிடித்தது. மறுபடி ஓட்டினாள். ஓடியது.

அப்பா கர்ச்சீப்பை எடுத்துப் படிக்கட்டுக் கம்பியைத் துடைத்தார். சுத்தமான கம்பி அது. சித்தப்பா முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"மகரந்தம்" என்றார், யாரும் கேட்காமலே.

"சரி, இனிமே ஆள் வரணும்" என்றாள் லிஃப்ட்காரி. "ஆறு கடையில நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். கேட் திறந்தாச்சாப்பா?"

"கேட் என் பொறுப்பு. விடியறப்பவே வந்து எண்ணெய் போட்டு, துடைச்சு, திறந்து வெச்சுட்டேன். நீ மெஷினைப் பாரு."

அவள் மெஷினைப் பார்த்தாள்.

*

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. டிக்கெட் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் போன் செய்யலாம் என்றால் காட்டுக்குள் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் பயனில்லை. "இன்னிக்கு அங்க நடக்கற எதையும் நான் பாக்கல, யாருக்கும் சாட்சி சொல்ல மாட்டேன்" என்று அம்மா காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டாயிற்று.

ஒரு மணிக்கு ஒரு கார் சத்தம் கேட்டது. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மரங்களுக்குப் பின்னால், கேட் பக்கம், கார் வேகம் குறைந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம். ஏதோ குழந்தையின் குரல். கதவு மூடும் சத்தம். கார் திரும்பிப் போயிற்று.

"காடு பாக்க வந்திருப்பாங்க" என்றார் அப்பா.

ஒன்றே முக்காலுக்கு ஒரு வேன். நின்றது. திரும்பியது.

"வண்டி திருப்ப நல்ல இடம்னு நினைக்கறேன்" என்றார் சித்தப்பா.

இரண்டரைக்குள் இன்னும் மூன்று. எல்லாமே வந்தன, நின்றன, திரும்பின. லிஃப்ட்காரி நகத்தைக் கடிக்க ஆரம்பித்து, நகத்தில் கிரீஸ் இருந்ததால் நிறுத்தினாள். அவள் எட்டு வருடமாகப் பார்த்த லிஃப்ட்டுகள் பழுதானால் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கதவில் கல் மாட்டியிருக்கும், ஒயர் கருகியிருக்கும். மனிதர்கள் திரும்பிப் போவதற்கு எந்த ஒயரைப் பார்ப்பது?

"நான் போய் ரோட்டுல நிக்கறேன்."

"கேட் என் பொறுப்புன்னு சொன்னேன்ல? பிச்சை கேக்கற மாதிரி ரோட்டுல நிக்கறதா? மோட்டாரை விட்டு நகராதே. இவன் கைவெச்சுடுவான்."

"என் மோட்டார், என் கை" என்றார் சித்தப்பா.

அவள் நகரவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

*

மூன்றே முக்காலுக்கு வனத்துறை ரேஞ்சர் வந்தார். நடைபாதையில் அவர் ஜீப்புக்கு வழி இருந்தது. காடே அவருடையது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரலாம். கையில் ஒரு கோப்பு, பையில் ஒரு பேனா, முகத்தில் ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் என்கிற பொறுமை.

"ராட்டினம் ஓடுதா?"

ஓட்டிக் காட்டினாள். தலையாட்டினார்.

"பொதுமக்கள் எங்கே?"

"வந்துட்டே இருக்காங்க சார்."

ரேஞ்சர் மரங்களைப் பார்த்தார். ஒரு அணில் அவரைப் பார்த்தது. "அஞ்சு மணிக்குக் கோப்பை மூடிடுவேன்மா. எனக்கு விருப்பம் இல்ல, விதி."

"நீங்களே ஒரு சுத்து ஏறலாமே சார்?"

"நான் அரசாங்கம். பொதுமக்கள் இல்ல."

"உங்க டிரைவர்?"

"அவர் அரசாங்கத்தோட டிரைவர்."

நான்கு மணியும் தாண்டியது. அப்போதுதான் சித்தப்பா படிக்கட்டிலிருந்து எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து லிஃப்ட்காரியின் முன்னால் நீட்டினார்.

"ஒரு டிக்கெட்."

"சித்தப்பா..."

"என்ன சித்தப்பா? உங்க அப்பாவுக்குத் தம்பியே கிடையாதுன்னு பத்து வருஷமா ஊர் பூரா சொல்லிட்டிருக்கார். கல்யாண வீட்ல சொன்னார், ஆஸ்பத்திரியில சொன்னார், சலூன்ல முடி வெட்டறவர்கிட்ட சொன்னார். அப்ப நான் யாரு? வெளியாள். பொதுமக்கள். சார், நான் ஏறலாமா?"

லிஃப்ட்காரி டிக்கெட் புத்தகத்தைத் திறந்தாள். எவ்வளவு சுலபம்! இத்தனை நாளாக மோட்டாரைத் தேடினோமே, ஆளும் மோட்டாரோடேயே வந்திருக்கிறாரே!

ரேஞ்சர் யோசித்தார். கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். "உறவு இல்லைன்னு உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. இங்க பாருங்க. பயணி உரிமையாளருக்கு உறவா. ஆம், இல்லை. ஒண்ணை டிக் பண்ணுங்க."

படிவம் அப்பாவின் கைக்கு வந்தது. பேனாவும் வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டினார். 'ஆம்' என்பதைப் படித்தார். 'இல்லை' என்பதைப் படித்தார். படிக்க அவ்வளவு நேரம் ஆகக்கூடிய வார்த்தைகள் இல்லை அவை.

"அப்பா, போடுங்க."

அப்பா பேனாவை 'இல்லை'க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார்.

"இல்லைன்னு எழுதுண்ணா!" என்றார் சித்தப்பா.

பத்து வருடத்தில் அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அவருக்கே தெரியவில்லை.

"எப்படிடா எழுதறது?" என்றார் அப்பா. "ஒரே வயித்துல பிறந்தவனை இல்லைன்னு எப்படிடா எழுதறது?"

"ஊர் பூரா சொன்னியே!"

"சொன்னேன். வாயால சொன்னேன். இது கையெழுத்து. நாளைக்கு நானும் நீயும் போனப்புறமும் ஏதோ ஒரு ஆபீஸ் பீரோவுல இது கிடக்கும்டா. உனக்கு அண்ணன் இல்லைன்னு."

'ஆம்' என்பதில் டிக் அடித்தார். அதோடு விட்டாரா? பக்கத்தில் சின்ன எழுத்தில், 'உடன்பிறந்த தம்பி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அழகான கையெழுத்து.

சித்தப்பா மரங்களைப் பார்த்தார். இந்த முறை மகரந்தம் என்று சொல்லவில்லை.

ரேஞ்சர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கோப்பில் செருகினார். "இது செல்லாது. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

*

மனம் நெகிழ வேண்டிய இடம் இது. நெகிழ்ந்தவர்கள் நெகிழட்டும். லிஃப்ட்காரிக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

"ஏம்ப்பா, தம்பி இருக்கார்னு உங்களுக்கு இன்னிக்குத்தான் ஞாபகம் வரணுமா? நேத்து வந்திருக்கக் கூடாதா? பத்து வருஷத்துல ஒரு நல்ல நாள்ல வந்திருக்கக் கூடாதா? இன்னிக்கு, நாலரை மணிக்கா?"

"கத்தாதேம்மா. காடு போனா போகுது. உனக்கென்ன, கைநிறைய சம்பளம்..."

"சம்பளம் இல்ல."

"என்ன?"

"வேலையை விட்டுட்டேன். மூணு வாரமாச்சு. தினம் டிபன் பாக்ஸ் எடுத்துட்டு இங்கதான் வந்தேன். பெட்டி பெட்டியா கிரீஸ் போட்டேன். இதை நான் நடத்தலாம்னு நினைச்சேன்ப்பா. ஒரு ராட்டினம் சுத்தினா போதும், மிச்சத்தை ஒவ்வொண்ணா சுத்த வெச்சுடலாம்னு நினைச்சேன்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"இவகிட்ட நீ எதையாவது சொல்லியிருக்கியா?" என்றார் சித்தப்பா.

"நீ நடுவுல வராதே!"

"நீதானே இப்ப எழுதின, உடன்பிறந்த தம்பின்னு! நடுவுல வராம எங்க வர்றது?"

"போதும்!" லிஃப்ட்காரி ராட்டினத்தை நிறுத்தி, கீழே வந்து நின்ற பெட்டியின் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் ஏறுங்க."

"எதுக்கும்மா?"

"நீங்க கீழ இருந்தா என்னால யோசிக்க முடியல. ஏறுங்க."

இருவரையும் தள்ளாத குறையாக ஏற்றிக் கொக்கியை மாட்டினாள். பச்சைப் பொத்தான். மோட்டார் இந்த முறை இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

"இது கணக்குல வராதும்மா" என்றார் ரேஞ்சர்.

"தெரியும் சார். சிவப்புப் பொத்தான் பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க. அரசாங்கம் பொத்தான் பக்கத்துல நிக்கலாம்ல?"

ரேஞ்சர் விதியை யோசித்துப் பார்த்துவிட்டு, நின்றார். அவள் டிக்கெட் புத்தகத்தோடு ஓடினாள்.

*

கேட் விரியத் திறந்திருந்தது. அப்பா சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு கம்பியும் துடைத்திருந்தது, கீல்களில் எண்ணெய் மின்னியது. ஈர மண்ணில் வண்டிகள் வந்து திரும்பிய சக்கரத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, வட்டம் வட்டமாக.

கேட்டுக்கு மேலே, குறுக்குக் கம்பியில், ஒரு பலகை தொங்கியது.

பூங்கா மூடப்பட்டுள்ளது.

தூசிக்கு நடுவிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பதிவேடு ஞாபகம் வந்தது. நாற்பத்தேழு, கேட். நாற்பத்தெட்டு, அறிவிப்புப் பலகை. கேட்டை விடியற்காலையில் வந்து அங்குலம் அங்குலமாகத் துடைத்த அப்பா, தம்பியின் பொருளில் விரல்கூட வைக்கவில்லை.

காரில் வந்த குழந்தையின் குரல் இன்னொரு முறை காதில் கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும்போல் இருந்தது. பலகை தோதாக இருந்தது. கேட்டில் ஏறிப் பலகையைப் பிடுங்கிப் புதருக்குள் வீசினாள்.

பத்து நிமிடம் ரோட்டில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு ஸ்கூட்டர். முன்னால் ஒரு பெண், பின்னால் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆண். லிஃப்ட்காரி ரோட்டுக்கு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"விபத்தா?" என்றாள் அந்தப் பெண், பதறிப்போய்.

"இல்ல. ராட்டினம்."

"என்னது?"

"அஞ்சு நிமிஷம். ராட்டினத்துல ஒரு சுத்து. தயவுசெஞ்சு."

அந்தப் பெண் திரும்பிப் பின்னாலிருந்தவரைப் பார்த்தாள். "குறுக்கு வழின்னு சொன்னீங்களே, இதுவா?"

"மேப் அப்படித்தான் காட்டுச்சு" என்றார் அவர்.

"நீங்க எங்களுக்கு எந்த வகையிலயாவது சொந்தமா?" என்று லிஃப்ட்காரி கேட்டாள்.

"உங்களையே இப்பத்தான் பாக்கறோம்."

"ரொம்ப சந்தோஷம். வாங்க."

*

அவர்களை இழுத்துக்கொண்டு திரும்பியபோது மணி நான்கு ஐம்பத்திரண்டு. ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ரேஞ்சர் சிவப்புப் பொத்தானுக்கு ஒரு கஜ தூரத்தில், தேசியக் கொடிக்கு முன் நிற்பதுபோல் நின்றார்.

மேலேயிருந்து வந்த குரல்கள் கிட்டே வந்து, தூரப் போய், மறுபடி கிட்டே வந்தன. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

புது ஆட்களை ஏற்ற வேண்டுமானால் ராட்டினத்தை நிறுத்த வேண்டும். மோட்டார் பக்கம் கருகல் வாசனை லேசாக அடித்தது. சூடாகிவிட்டது. நிறுத்தினால் மறுபடி கிளம்புமா? நிறுத்தாமல் ஏற்ற வழி இல்லை. அவள் சிவப்பை அழுத்தினாள்.

பெட்டிகள் ஆடி அசைந்து நின்றன. அப்பாவும் சித்தப்பாவும் உச்சியில் நின்றார்கள். கீழே நின்ற பெட்டியில் ஸ்கூட்டர் தம்பதியை உட்காரவைத்து, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, கொக்கியை மாட்டினாள். ரேஞ்சர் புதுப் படிவத்தை எடுத்தார்.

"உறவு இல்லைன்னு உரிமையாளர் கையெழுத்து வேணும்மா."

"உரிமையாளர் மேல இருக்கார் சார். சுத்தி வரும்போது போடுவார்."

பச்சையை அழுத்தினாள்.

மோட்டார் ம்ம்ம்ம் என்றது. அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினாள். ம்ம்ம்ம். கருகல் வாசனை கொஞ்சம் அதிகமாயிற்று.

"என்ன ஆச்சு?" என்றாள் ஸ்கூட்டர் பெண். கணவர் மேப்பைப் பார்த்தார்.

லிஃப்ட்காரி ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, மோட்டாரின் மூடித் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். நாலு திருகு. முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வழுக்கியது.

"அப்பா!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "மோட்டார் நின்னுபோச்சு!"

மரங்களுக்கு மேலே, சாயங்கால வெயிலில், அப்பாவின் வெள்ளைச் சட்டை எட்டிப் பார்த்தது. அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவள் பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"அவசரமே இல்லம்மா!" என்றார் அப்பா. "மெதுவா பாரு. நாங்க பேசிட்டிருக்கோம்."

ரேஞ்சர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். மணி நான்கு ஐம்பத்தாறு. லிஃப்ட்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது திருகின் மேல் முழு உடம்பையும் சாய்த்தாள்.